ஜி.பி.எஸ். ஓட்டக் கடிகாரம்: 14 மாதங்கள் அணிந்து ஓடிய பின் ஒரு மதிப்புரை

ஓட்டப் பயிற்சிக்கென்றே தயாரிக்கப்பட்ட ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் ஒன்றை 14 மாதங்களாக அணிந்து ஓடிவருகிறேன். வட்ட முகப்பு, ஐந்து பொத்தான்கள், தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்பக்கத்தில் இதயத் துடிப்பு உணரி என்று அமைந்த இடைநிலை ரகம் அது. தயாரித்த நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பல நிறுவனங்களின் கடிகாரங்களிலும் உள்ளிருக்கும் உறுப்புகளும் அவை அளக்கும் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், நான் கண்ட நிறைகுறைகளில் பெரும்பாலானவை அவற்றுக்கும் பொருந்தும். வாங்கிய அன்று பெட்டியின் மீது அச்சிட்டிருந்த வசதிகளை எண்ணிப் பார்த்தேன், முப்பதைத் தாண்டின. ஆனால் அந்த முப்பதில் கடிகாரம் தானாக அளப்பவை நான்கைந்துதான். மற்றவையெல்லாம் அளந்ததை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்பவை. நேரடி அளவீட்டிலிருந்து ஓர் எண் எவ்வளவு விலகிப்போகிறதோ, அவ்வளவுக்கு அதன் மீதான என் நம்பிக்கையும் இந்த 14 மாதங்களில் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

முதலில் தூரத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞைகள் எவ்வளவு நேரம் பயணித்தன என்பதைக் கொண்டு கடிகாரம் தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. சமிக்ஞை ஒளியின் வேகத்தில் வருவதால், ஒரு நானோ விநாடி பிசகினாலும் தூரத்தில் 30 சென்டிமீட்டர் பிசகிவிடும். கையில் கட்டிய பொருளுக்குள் அணுக்கடிகாரத்தை வைக்க முடியாது. ஆகவே நேரப் பிழையையும் சேர்த்துத் தீர்ப்பதற்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் ஒரே சமயத்தில் தென்பட வேண்டும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அது நீக்கப்பட்ட பிறகுதான் ஓடுபவர் கையில் கட்டிக்கொள்ளும் அளவுக்கு இந்தத் தொழில்நுட்பம் பயன்பட்டது. 2003இல் கார்மின் நிறுவனம் வெளியிட்ட முதல் ஃபோர்ரன்னர் கடிகாரங்கள் மணிக்கட்டில் ஒரு சிறு பெட்டியைக் கட்டியதுபோல இருக்கும். அந்தப் பருமன் போய்விட்டது. மரமும் கட்டடமும் செய்யும் தொல்லை மட்டும் போகவில்லை.

வீட்டை விட்டு இறங்கியதும் பொத்தானை அழுத்திவிட்டு ஓடத் தொடங்குவது பலருடைய வழக்கம். அது தவறு. செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஒலிபரப்புகிறது. அதை முழுதாகக் கேட்காமல் கடிகாரத்தால் இருப்பிடத்தைத் தீர்மானிக்க இயலாது. கைப்பேசியுடன் இணைத்து வைத்தால், வரும் சில நாட்களுக்கான சுற்றுப்பாதைக் கணிப்பைச் செயலி முன்கூட்டியே கடிகாரத்துக்கு அனுப்பிவிடும்; அப்போது ஐந்தாறு விநாடிகளிலேயே, இருப்பிடம் கிடைத்துவிட்டது என்று காட்டும் பச்சைக் குறி வந்துவிடுகிறது. இரண்டு வாரம் கைப்பேசியுடன் இணைக்காமல் விட்டுப் பார்த்தேன். திறந்த வெளியில் நின்றும் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. பச்சைக் குறி தோன்றிய பின்னும் ஒரு நிமிடம் நின்று கால் தசைகளைத் தளர்த்திக்கொள்வது நல்லது, ஏனென்றால் முதலில் கிடைப்பது நான்கு செயற்கைக்கோள்களை மட்டும் கொண்ட தோராயமான இருப்பிடமாகவே இருக்கும். பொறுத்திருந்தால் அந்த எண்ணிக்கை கூடி, முதல் கிலோமீட்டரின் கோணல்மாணல் குறையும்.

தூரத்தின் துல்லியத்தைச் சோதிக்க 400 மீட்டர் ஓடுதளத்தை விடச் சிறந்த இடமில்லை. ஆனால் அங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. 400 மீட்டர் என்பது முதல் தடத்தின் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்கப்பட்டது; ஒவ்வொரு தடமும் 1.22 மீட்டர் அகலம் என்பதால் எட்டாவது தடத்தில் ஒரு சுற்று 453 மீட்டர் ஆகிவிடும். இதை அறியாமல் வெளித் தடத்தில் ஓடிவிட்டுக் கடிகாரத்தைக் குறைசொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் முதல் தடத்தில் கோட்டை ஒட்டி 10 சுற்று ஓடினேன். சாதாரண ஜி.பி.எஸ். நிலையில் கடிகாரம் காட்டியது 4.09 கிலோமீட்டர். மறுவாரம் இரட்டை அலைவரிசை நிலையில் அதே 10 சுற்றுக்கு 4.03. வரைபடத்தில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது: முதலாவதில் வளைவுகள் நூல்கண்டு அவிழ்ந்ததுபோலக் கிடக்கின்றன, ஒரு சுற்று புல்வெளிக்குள் புகுந்து போகிறது; இரண்டாவதில் பத்துச் சுற்றும் ஒரு தடத்தின் அகலத்துக்குள் ஏறக்குறைய அடங்கிவிடுகின்றன.

இந்த இரட்டை அலைவரிசைதான் கடிகாரத்தில் நான் மிகவும் மதிக்கும் வசதி. பழைய கடிகாரங்கள் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் கேட்டன, இது 1176.45 மெகாஹெர்ட்ஸையும் சேர்த்துக் கேட்கிறது. உயர்ந்த கட்டடத்தின் சுவரில் பட்டுத் திரும்பும் சமிக்ஞை, நேராக வருவதைவிடச் சற்றுத் தாமதமாக வந்து சேரும். இரண்டாவது அலைவரிசையின் குறியீடு பத்து மடங்கு வேகமாக மாறுவதால், நேரே வந்தது எது, சுவரில் மோதி வந்தது எது என்று பிரித்தறிவது கடிகாரத்துக்கு எளிதாகிறது. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகிய அமைப்புகளையும் சேர்த்துக் கேட்கும்படி அமைத்துக்கொள்ளலாம். வானத்தின் பெரும்பகுதி மறைக்கப்பட்ட தெருவில் அது கைகொடுக்கிறது. விலையாகக் கொடுக்க வேண்டியது பேட்டரி. என் கடிகாரத்தில் சாதாரண நிலையில் 26 மணி நேரம் ஓடும் என்று அறிவித்திருக்கிறார்கள். எல்லா அமைப்புகளையும் இரண்டு அலைவரிசைகளையும் இயக்கினால் எனக்கு 13 மணி நேரத்துக்கு மேல் கிடைத்ததில்லை. திறந்த சாலையில் ஓடும் நாட்களில் சாதாரண நிலையே போதும்.

பந்தயத்தில் கலந்துகொண்டவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு: மாரத்தான் 42.195 கிலோமீட்டர் என்கிறார்கள், என் கடிகாரம் 42.6 காட்டுகிறதே, பாதையைத் தவறாக அளந்துவிட்டார்களா என்று. முறையாகச் சான்றளிக்கப்பட்ட பாதை, ஓர் ஓட்டக்காரர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியில், வளைவுகளில் விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் விட்டு அளக்கப்படுகிறது. குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கும் கூட்டப்படுகிறது. மாரத்தானுக்கு அது 42 மீட்டர். அதற்கு மேல் வருவது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நாம் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய தூரமும் ஜி.பி.எஸ். பிழையும் சேர்ந்தது. ஆகவே பந்தய நாளில் தானியங்கி லேப் வசதியை, அதாவது ஒவ்வொரு கிலோமீட்டரையும் தனிப் பகுதியாகத் தானே பிரித்துப் பதியும் வசதியை, அணைத்துவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகையைக் கடக்கும்போதெல்லாம் நானே லேப் பொத்தானை அழுத்துகிறேன்.

ஓடும்போது நம் கண் தேடுவது தூரத்தைக் காட்டிலும் பேஸைத்தான்; அதாவது ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கை. இருப்பிடங்களுக்கு இடையிலான சிறு வித்தியாசங்களிலிருந்து வருவது என்பதால் அந்தந்தக் கணத்தின் பேஸ் எப்போதும் தள்ளாடும். மரநிழல் அடர்ந்த பாதையில் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது 5:20, 6:05, 5:35 என்று திரை மாறி மாறிக் காட்டியது. அதைப் பார்த்துக் கால்களை விரட்டியும் அடக்கியும் ஒரு மணி நேரத்தை வீணடித்திருக்கிறேன். நடப்பு லேப்பின் சராசரி பேஸைத் திரையில் வைத்துக்கொண்ட நாளிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. தொழிற்சாலை அமைப்பில் அது முதல் திரையில் இருப்பதில்லை என்பது எனக்குப் புரியாத ஒன்று. அமைப்புகளில் மறைந்திருக்கும் இன்னொன்றையும் மாற்றிவிட வேண்டும்: நினைவகத்தில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சில விநாடிகளுக்கு ஒருமுறை மட்டும் பதியும் முறை இயல்பாக இயக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு விநாடியும் பதியும்படி மாற்றினால் வளைவுகள் வெட்டப்படாமல் இருக்கும்.

இனி இதயத் துடிப்பு. 1982இல் பின்லாந்தின் போலார் நிறுவனம் கம்பியில்லா இதயத் துடிப்பு மானியை முதன்முதலாக ஓட்டக்காரர்களிடம் கொண்டுவந்தபோது மார்பில் பட்டை கட்டித்தான் ஆக வேண்டும். அந்தப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே நேரடியாகக் கேட்கிறது. மணிக்கட்டில் இருப்பது முற்றிலும் வேறு வகை. கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால் பச்சை விளக்குகள் மின்னுவதைக் காணலாம். இரத்தம் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலடி நாளங்களில் இரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடுகிறது. அந்த ஏற்றஇறக்கத்தை எண்ணித்தான் துடிப்பைச் சொல்கிறார்கள். ஆக, இது துடிப்பை எண்ணவில்லை. துடிப்பின் நிழலை எண்ணுகிறது. கை வீசி ஓடும்போது அந்த நிழலோடு வேறு நிழல்களும் கலந்துவிடுகின்றன.

ஒரு நாள் அதிகாலையில் நண்பர் ஒருவருடன் பேசிக்கொண்டே மெதுவாக ஓடிக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கவில்லை, முழு வாக்கியங்களாகப் பேச முடிந்தது. கடிகாரமோ நிமிடத்துக்கு 172 துடிப்பு என்று காட்டி, எல்லை மீறிவிட்டதாக அதிர்ந்தது. நண்பர் ஒரு கணம் பயந்தேவிட்டார். நின்று, கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணினேன்: 33. நான்கால் பெருக்கினால் 132. பிறகு மீண்டும் ஓடத் தொடங்கி என் காலடிகளை எண்ணினேன், நிமிடத்துக்கு 172. கடிகாரம் இதயத்தை விட்டுவிட்டுக் காலடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. இது ஓட்டக்காரர்கள் பலரும் அறிந்த கோளாறுதான். நாம் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடிகள் எடுத்து வைக்கிறோம், கடின ஓட்டத்தில் இதயமும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் துடிக்கலாம்; ஆகவே எது எது என்று மென்பொருள் குழம்பிவிடுகிறது. குளிரான காலையில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் குளிரில் தோலடி நாளங்கள் சுருங்கி, உணரிக்குக் கிடைக்கும் சமிக்ஞை மெலிந்துவிடுகிறது. பச்சை குத்தியிருக்கும் இடத்திலும் இதே நிலைதான்.

அணியும் முறையில் பாதிச் சிக்கல் தீரும். மணிக்கட்டு எலும்பின் மீது உட்காராமல், அதற்கு இரண்டு விரல் மேலே, ஓடும்போது ஒரு துளை கூடுதலாக இறுக்கிக் கட்ட வேண்டும். அடிப்பக்கத்தின் பச்சை ஒளி பக்கவாட்டில் கசிந்து தெரிந்தால் அது தளர்வு. ஓட்டத்துக்கு முன் பத்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கிக்கொள்வதும் உதவுகிறது. இவ்வளவும் செய்த பிறகு, சீரான நீண்ட ஓட்டங்களில் மார்புப் பட்டைக்கும் இதற்கும் எனக்கு இரண்டு மூன்று துடிப்புக்கு மேல் வேறுபாடு வருவதில்லை. ஆனால் இன்டர்வெல் பயிற்சியில், அதாவது 400 மீட்டர் விரைந்து ஓடி, சிறிது ஆறி, மறுபடி விரையும் பயிற்சியில், மணிக்கட்டு உணரி பின்தங்கிவிடுகிறது. விரைவோட்டத்தை முடித்து நின்று மூச்சு வாங்கும்போதுதான் எண் உச்சத்தைத் தொடுகிறது. அடுத்த ஓட்டம் தொடங்கும்போது அது இறங்கிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட நாட்களுக்குப் பழைய மார்புப் பட்டையை புளூடூத்தில் இணைத்துக்கொள்கிறேன். கடிகாரம் உடனே மணிக்கட்டு உணரியை ஒதுக்கிவிட்டுப் பட்டையை எடுத்துக்கொள்கிறது. மார்புப் பட்டையே வேண்டாம் என்ற எண்ணத்தில் இதை வாங்குபவர்கள் தங்கள் பயிற்சியில் இன்டர்வெல் எவ்வளவு என்று முதலில் யோசித்துக்கொள்ளட்டும்.

துடிப்பு சரியாகக் கிடைத்தாலும் அதை இலகு முதல் கடினம் வரை ஐந்து மண்டலங்களாகப் பிரித்துக் காட்டும் கணக்கில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. நாம் எதையும் மாற்றாவிட்டால் கடிகாரம் 220இலிருந்து வயதைக் கழித்து அதை நம் உச்சத் துடிப்பாக வைத்துக்கொள்கிறது. 1970களில் பரவிய இந்தச் சூத்திரம் ஒரு தோராயம். 2001இல் முன்வைக்கப்பட்ட, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் சூத்திரமும் சராசரி மனிதருக்கானதுதான். தனி ஒருவருக்கு 10 துடிப்பு முன்பின் ஆவது மிகச் சாதாரணம். என் வயது 47. கடிகாரம் தந்த உச்சம் 173. மேட்டில் முழு மூச்சோடு ஏறி ஓடிய ஒரு நாளில் மார்புப் பட்டை பதிந்தது 186. அதுவரை பல மாதங்களாக என் இலகுவான ஓட்டங்களையெல்லாம் ‘கடினம்’ என்று கடிகாரம் வண்ணம் பூசி வைத்திருந்தது. உச்சத்தைத் திருத்தியதும் மண்டலங்கள் மொத்தமாக ஒரு படி மேலே நகர்ந்தன; மஞ்சளாக இருந்த ஓட்டங்கள் பச்சையாயின.

அந்த ஒரு திருத்தத்தால் ஆக்சிஜன் உள்வாங்கும் உச்சத் திறன் என்று அது காட்டும் எண்ணும் ஒரே இரவில் மாறியது. என் நுரையீரல் மாறவில்லை. ஆய்வகத்தில் முகமூடி மாட்டி, ஓட்டப்பொறியில் களைத்து விழும் வரை ஓடவிட்டு, மூச்சுக்காற்றைப் பகுத்து அளக்கும் பண்பு அது. கடிகாரம் செய்வது, இன்ன வேகத்தில் இன்ன துடிப்பு என்றால் திறன் இவ்வளவு இருக்கும் என்ற அனுமானம். வெப்பமான நாளில் அதே வேகத்துக்குத் துடிப்பு கூடும்; உடனே திறன் குறைந்துவிட்டதாக அறிவிப்பு வருகிறது. மாதக்கணக்கில் அந்தக் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதில் பயனுண்டு. தனி எண்ணை மற்றவருடைய எண்ணோடு ஒப்பிட்டுப் பெருமைப்படுவதில் இல்லை. ‘மீண்டெழ இன்னும் 61 மணி நேரம்’ போன்ற அறிவுரைகளும், உறக்கத்துக்கு அது போடும் மதிப்பெண்ணும் இந்த அனுமானங்களின் மேல் எழுப்பிய அனுமானங்கள். படுக்கையில் அசையாமல் படித்துக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தை அது உறக்கக் கணக்கில் சேர்த்த அன்றே அந்தப் பக்கத்தை மறைத்துவிட்டேன்.

பாதையின் ஏற்றஇறக்கத்தைக் காற்றழுத்தமானியைக் கொண்டு அளப்பது நன்றாக வேலை செய்கிறது. தரைமட்டத்துக்கு அருகில் எட்டு மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும், ஜி.பி.எஸ். தரும் உயரத்தைவிட இது நம்பகமானது. ஆனால் அழுத்தம் நுழையும் ஊசித்துளைகளில் வியர்வை உப்பு அடைத்துக்கொண்டால் சமதரையில் ஓடியவரை மலையேற வைத்துவிடும். ஓடி முடித்ததும் குழாய் நீரில் கழுவினால் போதும். 50 மீட்டர் நீர்த்தாங்கு திறன் என்பது அசையாத நீரின் அழுத்தத்துக்கான கணக்கு. நீச்சலுக்குத் தாங்கும், ஆழத்தில் மூழ்குவதற்கல்ல.

திரை, ஒளியைத் திருப்பி அனுப்பும் பழைய வகை. கைப்பேசித் திரையைப்போல் பளபளக்காது. கடையில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு மங்கலாகத் தோன்றும். நண்பகல் வெயிலில் அதுவே அச்சிட்ட காகிதம்போலத் தெளிவாகத் தெரிகிறது, எப்போதும் அணையாமலும் இருக்கிறது. மணிக்கட்டைத் திருப்பிவிட்டுத் திரை விழிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. பொத்தான்களைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடுதிரையை மட்டும் நம்பியிருந்த முந்தைய கடிகாரத்தில், மழையில் ஓடிய 21 கிலோமீட்டரின் பதிவை ஈரச் சட்டைக் கை உரசி 14ஆவது கிலோமீட்டரிலேயே முடித்துவிட்டது. ஈர விரலுக்கும் கையுறைக்கும் கீழ்ப்படிவது பொத்தான் மட்டுமே.

பதிவுகளைச் செயலியிலிருந்து கோப்பாக வெளியே எடுக்க முடிகிறது என்பது பலர் கவனிக்காத நன்மை. நாளை வேறு நிறுவனத்தின் கடிகாரத்துக்கு மாறினாலும் ஓடிய வரலாறு நம்முடன் வரும். இருப்பிடத்தைப் பொதுவில் பகிரும் அமைப்பை முதல் நாளே பார்த்துவிட வேண்டும், ஏனெனில் தினமும் ஓட்டம் தொடங்கும் புள்ளி பெரும்பாலும் நம் வீட்டு வாசல்.

என் உண்மையான மனக்குறை சார்ஜ் செய்யும் கம்பியில்தான். கடிகாரத்தின் பின்புறமுள்ள நான்கு உலோகப் புள்ளிகளில் பத்தாவது மாதம் பச்சைக் களிம்பு பிடித்து மின்னேற்றம் நின்றுவிட்டது. சேவை மையத்தில் கொடுத்தபோது, வியர்வையால் ஏற்பட்ட அரிப்பு உத்தரவாதத்தில் வராது என்றார்கள். ஓடுவதற்கென்று விற்கப்படும் பொருளில் வியர்வை எப்படிப் பயனரின் தவறாகும் என்று கேட்டேன். மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறி எண்ணை வாங்கிக்கொண்டார்கள், அழைப்பு வரவில்லை. மென்மையான பல் துலக்கியில் சிறிது ஆல்கஹால் நனைத்துத் தேய்த்ததில் களிம்பு போயிற்று. அன்றிலிருந்து கழற்றும் ஒவ்வொரு முறையும் அந்த நான்கு புள்ளிகளையும் துணியால் துடைத்துவிட்டுத்தான் கம்பியைச் செருகுகிறேன். இடமிருந்து இரண்டாவது புள்ளி மட்டும் இன்னும் சற்றுக் கறுத்தே இருக்கிறது.